இடதுபக்கத்து ஆள்

கழுத்து வழியாக மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்கள் நாலு இருக்கின்றன என்பது உச்சியாருக்குத் தம்முடைய நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. அதுவும் நாலில் ஒன்று உள்ளுக்குள் கிழிந்த பிறகு. தெரிந்து என்ன ஆகப்போகிறது? சில விஷயங்கள் தெரியாமலே ஒரு மனுஷன் நிம்மதியாக வாழ்ந்து முடித்துவிடலாம்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புக் குழாய்களை மலைமலையாக அடுக்கி வைத்திருக்கும் யார்டில், தண்டவாளத்தின் மேல் நகரும் பெரிய கிரேனின் கண்ணாடி அறையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். தரையிலிருந்து அறுபத்தெட்டுப் படி. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டைக்கூடக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். அதனால் யார்டில் எல்லோருக்கும் அவர் உச்சியார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

உட்காருவதுதான் உச்சியில், பார்வையெல்லாம் தரையில். காலுக்கடியிலும் கண்ணாடி. எட்டு மணி நேரம் தலையைக் கவிழ்த்தே இருந்துவிட்டு இறங்கும்போது கழுத்து கட்டையாகிவிடும். படிக்குக் கீழே மைத்துனன் தயாராக நிற்பான். மனைவியின் ஒரே தம்பி, அதே யார்டில் சிக்னல்காரன். வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதியே வேலை வாங்கியவன் என்பதால் அவனுக்கு விசில் என்று பெயர். இப்போது ஊதுவதும் இல்லை, ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உடம்பை லூசா விடுங்க மாமா" என்பான். ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில். வலப்பக்கம் ஒரு சொடக்கு, இடப்பக்கம் ஒரு சொடக்கு. அன்றைய வலி அன்றைக்கே தீர்ந்தது. ஆறேழு வருஷமாக இதுதான் பழக்கம். லாரி டிரைவர்கள்கூட வரிசையில் நின்று அவனிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இவருக்குத்தான் ஆயிற்று.

அந்த ஒரு நாள் சொடக்கு எடுத்தபோது பிடரியில் சுருக்கென்றது. "கொஞ்சம் பலமா இழுத்துட்டேனோ மாமா?" என்று கேட்டான். "அதெல்லாம் இல்லடா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் பின்மண்டையில் விண்விண்ணென்று வலி. தலையணையை மாற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவருக்கு வாஷ்பேசின் குழாய் இரண்டாகத் தெரிந்தது. எதைத் திருகுவது என்று யோசிப்பதற்குள் தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்தால் சுவரும் கூடவே வருகிறது. குடலே வெளியே வந்து விழுந்துவிடும்போல வாந்தி. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவியின் முகத்தில் பாதிதான் இருந்தது. ஒரு கண், அரை மூக்கு, அரை வாய். அந்த அரை வாய் "என்னங்க, என்னங்க" என்று கத்திக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர், காதுக்குள் ஏதோ கோளாறு என்று தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரு பகல், ஒரு ராத்திரி அந்த மாத்திரையை நம்பிப் போனது. மறுநாள் கட்டிலை விட்டு இறங்கியவர் இடப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து விழ ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்றார் அங்கே இருந்த பெண் டாக்டர், படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. "கழுத்துல ஒரு ரத்தக்குழாயோட உள்பக்கம் கிழிஞ்சிருக்கு. அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு, உறைஞ்சதுல துணுக்கு மேல போய் மூளையில ரெண்டு இடத்துல அடைச்சிருக்கு. ஒண்ணு தள்ளாட்டம் வராம பாத்துக்கற இடம். இன்னொண்ணு பார்வையை வாங்கிக்கற இடம். அதனாலதான் ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சாலும் இடப்பக்கம் தெரியல." பிறகு பொதுவாகக் கேட்டார்: "எங்கயாவது விழுந்தாரா? கழுத்தை யாராவது திருப்பி விட்டாங்களா?"

மனைவி தம்பியைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற விசில், வகுப்பில் தப்புச் செய்தவன் மாதிரி கையைத் தூக்கினான். "நான்தான்" என்றான்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா இதுவாத்தான் இருக்கும். இனிமே யார் கழுத்துலயும் கை வெக்காதீங்க." அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனி. நோயாளியைக் கவனிப்பதா, நோயாளியைக் கவனிக்க வருகிறவனைக் கவனிப்பதா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வருவான், சாயங்காலம் திரும்பும்போது வருவான். மாத்திரையை எண்ணி வைப்பான், வெந்நீர் வைப்பான், செருப்பை எடுத்துப் போடுவான். நிற்கச் சொன்னால் உட்காருவான், உட்காரச் சொன்னால் நிற்பான். "வீட்டுக்குப் போடா, உன் பொண்டாட்டி புள்ளைங்க முகத்தையும் கொஞ்சம் பாரு" என்று அக்கா விரட்டினால் வாசலில் போய் நின்றுகொள்வான். அவன் படுகிற வேதனைக்கும் சேர்த்து உச்சியார்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. மனுஷனுக்குத் தன் பாட்டைப் பார்க்கவே தெம்பில்லை.

நாலு மாதம் ஓடியது. தலைசுற்றல் குறைந்தது, சட்டென்று திரும்பினால் மட்டும் தரை ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். இரண்டிரண்டாகத் தெரிந்ததும் சரியாகிவிட்டது. இடப்பக்கம்தான் வரவே இல்லை. கதவு நிலையில் இடது தோளை இடித்து இடித்து அந்த இடம் காய்த்துப்போயிற்று. பேப்பரில் வரி பாதியிலிருந்து ஆரம்பிக்கும். தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு "அவ்வளவுதானா?" என்பார், மனைவி வந்து தட்டைத் திருப்பி வைப்பாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பழகினார். கடைத்தெரு வரை அப்படித் திருப்பித் திருப்பி நடந்துவிட்டு வந்தால், மூட்டை சுமந்தவன் மாதிரி மத்தியானம் முழுக்கத் தூங்க வேண்டும். தூங்கி எழுந்தாலும் அசதி போகாது. எதிலும் ஒட்டாத, எரிச்சல்கூட முழுசாக வராத அசதி.

அந்த அசதியிலும் ஒன்று மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. மாசக் கடைசிக்குள் அவர் திரும்பாவிட்டால் கிரேனுக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். தரையில் ஏதாவது ஒரு வேலை தருவார்கள்தான். வாசலில் லாரி நம்பர் எழுதுகிற வேலை, டீ வாங்கித் தருகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்ட ஆளை இனிமேல் யாரும் கூப்பிடவே வேண்டியதில்லை. மேலே இருந்தால்தான் அவர் உச்சியார். கீழே அவர் யார்?

யோசனை சொன்னது விசில்தான்.

"மாமா, குழாய் அடுக்குக்குப் பின்னால எறக்கறோமே, அப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உன் குரல்தான் தெரியும்."

"அவ்வளவுதான் மாமா. இதுவும் அப்படித்தான். இடப்பக்கம் முழுக்க ஒரு அடுக்கு நிக்குதுன்னு வெச்சுக்கங்க. நான் சொல்றேன், நீங்க எறக்குங்க."

யார்டுக்காரன் காதுக்கு இது எவ்வளவு நியாயமாகப் படும் என்பது வெளியாளுக்குப் புரியாது. பாதி வேலையை அவர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். கண்ணுக்கு மறைவில் இறக்கும்போது சிக்னல்காரன் பேசிக்கொண்டே இருப்பான். பேச்சு நின்றால் கையும் நிற்க வேண்டும், அது சட்டம். பதினைந்து வருஷத்தில் அவன் குரலை நம்பி ஒரு குழாய்கூட நசுங்கியதில்லை. உச்சியாருக்கு அன்றைக்குத்தான் நாலு மாதத்துக்குப் பிறகு பசி எடுத்தது.

கம்பெனி மருத்துவச் சோதனை வேடிக்கையாக முடிந்தது. சுவரில் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடு, படி. மறு கண்ணை மூடு, படி. நேராகப் பார்க்கிற பார்வை அவருக்குக் கூர்மையாகவே இருந்தது. முதல் எழுத்தைப் பிடிக்கத் தலையை மட்டும் லேசாக இடப்பக்கம் அசைத்துக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் படித்ததைப் பார்த்துக் கம்பெனி டாக்டர், "என் கண்ணைவிட உங்க கண்ணு நல்லா இருக்கு" என்று முத்திரை குத்தி அனுப்பினார். வந்த நோய் காதுக்கோளாறு என்று உச்சியார் சொல்லியிருந்தார். தெருமுனை டாக்டரின் சீட்டு அதற்காவது உதவியது.

மனைவி ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அன்றைக்கு வேலை முடிந்து வந்து, செய்தியைக் கேட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா, இவதான் தடுத்தான்னு சாகற வரைக்கும் உங்க மனசுல கெடக்கும். ஆனா மேல உக்கார்றது நீங்க. கீழ நிக்கறது என் கூடப்பொறந்தவன். நான் எந்தப் பக்கம் பாக்கறது, நீங்களே சொல்லுங்க."

"பதினஞ்சு வருஷமா நின்னவன்தானே?"

"அப்ப உங்களுக்கு அவனைத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். உச்சியாருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

திங்கட்கிழமை காலை யார்டில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். "உச்சியாரே, உங்க சீட்டுல வேற ஆளு உக்காந்து பாத்தாரு, கிரேனே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு" என்று ஒரு லாரி டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இடப்பக்கம் நின்று நீட்டப்பட்ட ஒரு கையைப் பார்க்காமல் விட்டதை விசில் சமாளித்தான்: "மாமாவுக்கு இப்ப வெயிட்டு ஏறிடுச்சு, சும்மா கையெல்லாம் கண்ணுல படாது." அதற்கும் சிரித்தார்கள்.

அறுபத்தெட்டுப் படியை நாலு இடத்தில் நின்று நின்று ஏறினார். அறைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் கைகள் தாமாகவே இரண்டு பிடிகளுக்கும் போய்விட்டன. கீழே யார்டு முழுவதும் விரிந்து கிடந்தது. குறையே இல்லாமல் தெரிந்தது. அதுதான் இந்த நோயின் அயோக்கியத்தனம். தெரியாத பக்கம் இருட்டாகவாவது இருந்தால், இங்கே ஒன்று தெரியவில்லை என்றாவது மனுஷனுக்குத் தெரியும். இது இருட்டாகவும் இல்லை, ஓட்டையாகவும் இல்லை. எல்லாம் இருப்பதாகவே தோன்றும்.

"ரெடியா மாமா?" என்றது வாக்கிடாக்கி.

"ரெடிடா மாப்ள."

வலப்பக்கம் லாரி. அதிலிருந்து குழாய்க் கட்டைத் தூக்கி இடப்பக்கத்துத் தாங்கியில் அடுக்க வேண்டும். கட்டு ஒன்றுக்கு நாலு டன். முதல் கட்டு கிளம்பியது. "வாங்க மாமா, வாங்க, இடம் காலி. வாங்க. இன்னும் பத்தடி. வாங்க. அஞ்சு. மெதுவா. நிறுத்துங்க. எறக்குங்க, எறக்குங்க... போட்டாச்சு." பூப்போல உட்கார்ந்தது. இரண்டாவது கட்டும் அப்படியே. உச்சியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அசதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நாலு மாதமாக வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு திரிந்தவரா இது?

மூன்றாவது கட்டு பாதி வழி வந்தபோது அவருக்கு ஓர் ஆசை. மைத்துனன் முகத்தைப் பார்க்க வேண்டும். கை காட்ட வேண்டும், வேறொன்றும் இல்லை. "வாங்க மாமா, இடம் காலி, வாங்க" என்று குரல் வந்துகொண்டிருந்தது. காலுக்கடியில் கண்ணாடி வழியே தாங்கியைப் பார்த்தார். தாங்கி இருந்தது. அதை ஒட்டித் தரை, போன மழையில் தேங்கிய தண்ணீர். ஆள் இல்லை.

பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தார். கட்டு காற்றில் நின்றது.

"எங்கடா நிக்கற?"

"இங்கதான் மாமா. தாங்கி ஓரமா."

மறுபடி பார்த்தார். தாங்கி, தரை, தண்ணீர். வெயில் நன்றாக அடித்தது. ஒரு ஈயைக்கூடக் காட்டிக்கொடுக்கும் வெயில். "கையை ஆட்டு" என்றார்.

"ரெண்டு கையையும் ஆட்டறேன் மாமா. தெரியலயா?"

உச்சியார் கழுத்தை மெதுவாக, மிக மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். தாங்கியின் ஓரத்திலிருந்து முதலில் ஒரு பூட்ஸ் வந்தது. பிறகு ஆரஞ்சு மேல்சட்டை. பிறகு ஆடுகிற ஒரு கை. பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம். முழு ஆள். இத்தனை நேரமும் அங்கேயேதான் நின்றிருக்கிறான்.

அதோடு போகவில்லை. தூக்கிய பாரம் போகிற வழிக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும்; சிக்னல்காரன் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பதினைந்து வருஷமும் விசில் வெளியேதான் நின்றான். இன்றைக்கு உள்ளே நின்றான். மாமாவுக்குப் பத்தடி, அஞ்சடி என்று அளந்து சொல்ல வேண்டுமே. தள்ளி நின்றால் கணக்குத் தவறிப்போகும் என்று கிட்டே வந்துவிட்டான். குழாய்க் கட்டு அவனுக்கு நாலு எட்டு முன்னால் தொங்கியது. முந்திய இரண்டு கட்டுகளும் அவன் தலைக்கு மேலாகத்தான் போயிருக்கின்றன. "இடம் காலி" என்று சொன்ன இடத்தில் அவன் நின்றான்.

"கோட்டுக்கு வெளிய போ."

"வெளிய போனா தூரம் சரியா சொல்ல முடியாது மா..."

"போடா வெளிய!"

யார்டே திரும்பிப் பார்த்திருக்கும். கட்டைத் தம் கண்ணுக்குத் தெரிகிற வலப்பக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். லாரிக்குப் பக்கத்து வெற்றுத் தரையில் இறக்கினார். சாவியைத் திருகி எடுத்தார். எழுந்தபோது அறை சுற்றியது; கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை கண்ணை மூடி நின்றார். பிறகு அறுபத்தெட்டுப் படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

விசில் மூச்சிரைக்க ஓடிவந்தான். "என்ன மாமா? தலை சுத்துதா? தண்ணி குடிக்கறீங்களா? மொத நாள் இல்ல, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் உக்காந்துட்டு ஏறலாம்."

"இடம் காலின்னு சொன்னியே."

"காலிதான் மாமா."

"நீ நின்னுக்கிட்டு இருந்தியேடா."

"நான்தானே மாமா" என்றான் அவன்.

உச்சியார் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவன் தன்னை ஒரு ஆளாகச் சேர்க்கவில்லை.

"உன் தலைக்கு மேல நாலு டன் போச்சுடா. ரெண்டு தடவை."

"நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும் மாமா."

"எனக்குத் தெரியாதேடா பாவி! நீ அங்க இருக்கறதே எனக்குத் தெரியாதேடா!"

விசில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். நாற்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். "நீங்க மேல போய் உக்காந்தாத்தான் மாமா எனக்குத் தூக்கம் வரும்" என்றான். "நான் பண்ணினது இது. நீங்க கீழயே நின்னுட்டா அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? என்ன ஆனாலும் பரவால்ல, நான் நிக்கறேன். ஏறுங்க மாமா."

"உன்னை மன்னிச்சுட்டேன்னு காட்டறதுக்கு உன்னைக் கொல்லணுமாடா நான்?"

சற்றுத் தள்ளி லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னவோ குடும்ப விவகாரம் என்று நகர்ந்துகொண்டார்.

"சொல்றேன் கேளு" என்றார் உச்சியார். குரலில் சத்தமே இல்லை, அவ்வளவு களைப்பு. "கோபம் இருக்குடா. இல்லன்னா பொய். நீ டீ கொண்டாந்து நீட்டும்போதெல்லாம் அந்தக் கையை ஒடிச்சா என்னன்னு தோணும். உன்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு, நீ போனதும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன். இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும் அது. இருந்துட்டுப் போகட்டும். ஆனா கோபப்படறதுக்காவது நீ எனக்கு உசுரோட வேணும்."

விசில் அப்படியே தரையில் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். உச்சியார் அவனைத் தொடவில்லை, தேற்றவில்லை. இன்றைக்குத் தேற்ற அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து, தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சூப்பர்வைசர் அறைக்கு நடந்தார். கதவு நிலையில் தோள் இடித்தது.

சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

"சார், எனக்கு இடப்பக்கம் தெரியல. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு மூளையில அடைப்பு வந்துச்சு. காதுன்னு சொன்னது பொய். கிரேனுக்கு வேற ஆளை ஏத்திடுங்க." சாவியை மேஜைமேல் வைத்தார்.

சூப்பர்வைசர் சாவியைப் பார்த்தார். "இன்னிக்கு ரெண்டு கட்டு எறக்குனீங்களேய்யா" என்றார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தார். "யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல சார்" என்றார் உச்சியார். "ஆகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. வேலை போனதற்காக அழுகிறார் என்று நினைத்து, சூப்பர்வைசர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.